புளி போட்டு விளக்கிய காசு

ஒரு பழைய காசு கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். நான் அதை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைப்பேன். முகத்தில் விரல் படக் கூடாது. செம்புக் காசில் வியர்வை பட்டால் கொஞ்ச காலத்தில் அந்தக் கைரேகை அப்படியே கறுத்து எழும்பி நிற்கும். பிறகு எடை பார்ப்பேன், வெர்னியரில் குறுக்களவு எடுப்பேன், காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவேன். அதற்கப்புறம் விளிம்பு: வழவழப்பானதா, பல் வெட்டியதா, எழுத்துப் பொறித்ததா என்று. கடைசியில்தான் முகத்தில் இருக்கும் ராஜாவையோ ராணியையோ பார்ப்பேன். ஆட்கள் ராஜாவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஏமாறுவதும் அதனால்தான்.

இந்தப் பழக்கம் எனக்குத் தேயிலையிலிருந்து வந்தது. திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே தேநீர் ருசி பார்க்கும் மேசையில் ஒரு கைத்தராசு இருந்தது. அதற்கு எடைக்கல் கிடையாது. ஒரு தட்டில் பழைய ஆங்கில வெள்ளிக் காசு ஒன்று, ஆறு பென்ஸ், கிடக்கும். அந்தக் காசின் எடைக்குத் தூள் போட்டால் ஒரு கோப்பைக்குச் சரியான அளவு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அதுதான் முறை.

காசு கறுப்பாக இருந்தது. சரஸ்வதி பூசைக்கு ஸ்டோரைக் கழுவிய அன்று, நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்து, நான் அதற்குப் புளியும் சாம்பலும் போட்டேன். ஒரே ஒரு தேய்ப்புத்தான் தேய்த்திருப்பேன். ஸ்டோருக்குத் தலைவரான டீமேக்கர் பின்னால் நின்றார். அவர் சத்தம் போடவில்லை. காசை வாங்கித் தண்ணீரில் அலசினார். "வாயத் தொற" என்றார். நாக்கின் மேல் காசை வைத்து, "மூடிக்க. வேல முடியிற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றார். ரோலர் பக்கத்தில் அப்படியே நின்று வேலை செய்தேன். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்ப முடியாது, தாராளமாக விழுங்கவும் பயம். தேயிலை சலிக்கும் பெண்கள் வேண்டுமென்றே என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சாயங்காலம் காசைத் திரும்ப வாங்கி, எடைக்கல் உள்ள இன்னொரு தராசில் எடை போட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தேய்க்கிறவன் அழுக்க மட்டும் எடுக்கிறதில்ல. காசையும் எடுக்கிறான்."

அவர்மேல் எனக்கு அப்போது இருந்தது கோபம். பிறகு அது மரியாதையாக மாறியது. பல வருடங்களுக்குப் பிறகு மின்தராசு வந்தது. பழைய தராசை ஒதுக்கினார்கள். அந்த ஆறு பென்ஸைத் தோட்டத்துத் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் அது திரும்பவும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. நான் அன்று தேய்த்த கோடு மட்டும் ராஜாவின் கழுத்தில் மெல்லிய வெளுப்பாகத் தெரியும். எடை இரண்டு கிராம் எழுபத்தொன்பது. ஒரு கடித உறையில் போட்டு, உறைமேல் எடையை எழுதி, மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்தேன். இருபது வருடமாக வருடத்துக்கு ஒரு முறை எடை பார்ப்பேன். மாறியதே இல்லை.

காசு தெரிந்தவன் என்று பெயர் பரவிவிட்டது. கொழும்பு நடைபாதையில் வாங்கிய ஒரு தடித்த விலைப்பட்டியல் புத்தகமும் ஒரு பூதக்கண்ணாடியும் என்னிடம் இருந்தன. அத்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, கோயில் உண்டியலில் விழுந்தது, செத்துப்போன பாட்டன் பெட்டியில் கிடந்தது என்று கொண்டுவருவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு விலை போகாது. நான் அதை அப்படியே சொல்வேன். என் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எனக்கு 'செல்லாக்காசு ஐயா' என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் எனக்கு வருத்தமில்லை. ஒரு மனிதன் எப்போதும் ஒரே எடையாக இருக்கிறான் என்பதற்கு அது சாட்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிறகு. கையில் ஒரு பால்மா டின்.

அவளை எனக்குத் தெரியும். எங்கள் மேல் பிரிவில் கொழுந்து பறிப்பவள். என் வயதுதான் இருக்கும். புருஷன் செத்ததும், பிள்ளை இல்லாததால், துணிமூட்டையோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பிக்கு இருந்தது லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதில் தம்பி, தம்பி மனைவி, மூன்று பிள்ளைகள். இவள் முன்னால் திறந்த திண்ணையாக இருக்கும் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தாள். மலைக்காற்றுக்கு அந்த இடத்தில் நாய்கூடப் படுக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த பின்னேரங்களிலும் அவள் அருவி தெரியும் வளைவில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பாள். சுற்றுலா வேன்கள் அங்கே நிற்கும். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு ஏதாவது கொடுப்பார்கள். தாள் கிடைத்தால் வீட்டுக்குப் போய்விடும். காசு கிடைத்தால்தான் சிக்கல். வெளிநாட்டுச் சில்லறைக் காசை நுவரெலியாவில் எந்த மாற்றுக் கடையிலும் வாங்கமாட்டார்கள். வேன் டிரைவர் ஒருவர் மட்டும் அவள் கையைப் பார்த்துச் சிலதைப் பொறுக்கி எடுத்து ரூபாய் கொடுப்பார். மிச்சத்தை, "இதெல்லாம் பழசு அக்கா, வச்சிக்குங்க, பழசுக்குத்தான் வெல ஏறும்" என்று திருப்பிக் கொடுப்பார். மிச்சம் டின்னுக்குள் போனது.

ரூபாய் விழுந்து, மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், லயத்துக்கு அந்த டின் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டுக் காசு ஒன்று இத்தனை நூறு ரூபாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தம்பி மனைவி அவளை இஸ்தோப்பிலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். கட்டில் ஒன்று கிடைத்தது. 'அண்ணி, அண்ணி' என்ற கூப்பாடு லயத்து மறுகோடி வரை கேட்டது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் தோட்டத்தில் கொழுந்து ஸ்டோருக்கு வருமுன் கதை வந்துவிடும்.

அவள் எங்கள் கோட்டர்ஸ் படியில் உட்கார்ந்தாள். என் மனைவி, லயத்து ஆட்களுக்கென்று ஜன்னலோரம் வைத்திருக்கும் கோப்பையில் தேநீர் கொடுத்தாள்.

"ஸ்டோரு ஐயா, நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். "தம்பிக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி குடுத்திருக்காங்க இல்லீங்களா. அடுத்த மாசம் கல்லு வைக்கிறாங்க. மேசன் பாஸு வந்து கயிறு புடிச்சுப் போட்டுட்டாரு. ஓரமா சின்னதா ஒரு காம்பரா எனக்குன்னு. அதுக்குத் தனிக் கதவு."

"எவ்வளவு பெரிசு?"

"எட்டுக்கு ஏழு. நான் உள்ளாற நின்னு பாத்தேன். காலு நீட்டிப் படுக்கலாம்."

டின்னைத் திறந்தேன். உள்ளே இருந்தவை கண்ணைப் பறித்தன. எல்லாம் ஒரே மாதிரிப் பளபளத்தன. செம்பு ரோசா நிறத்தில், பித்தளை தங்கம்போல.

"யார் தேய்த்தது?"

"நான்தாங்க." முகத்தில் பெருமை தெரிந்தது. "வெள்ளிக்கிழம சாமி வெளக்கு வெளக்குவோமில்ல, அதோட சேத்து எல்லாத்தையும் வெளக்கிருவேன். புளியும் சாம்பலும். போகாததுக்குச் செங்கத் தூளு. லச்சுமி படத்துக்கு முன்னால வைக்கிறது, கறுப்பா வைக்கலாமா?"

எங்கள் ஆட்கள் மட்டும் செய்யும் பிழை இது. சாமிக்கு வைப்பதை அழுக்காக வைக்கமாட்டார்கள். வேறு எங்காவது இருந்திருந்தால் அந்தக் காசுகள் டின்னின் அடியில் நிம்மதியாகக் கிடந்திருக்கும்.

வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. நூற்று முப்பத்தேழு காசுகள். இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், ஒல்லாந்து, கிரேக்கம். அந்த நாடுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே காசுக்கு மாறியபோது கைவிட்ட பழைய சில்லறைகள். மாற்றித் தருவதற்குக் கொடுத்த காலமும் முடிந்துவிட்டது. அவர்கள் வீட்டு மேசை லாச்சிகளில் கிடந்து, குப்பையில் போட மனமில்லாமல், இங்கே வந்து கொட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் காசு பன்னிரண்டு இருந்தது. அவற்றை அந்த நாட்டு வங்கி இன்னும் மாற்றித் தரும், ஆனால் அங்கே கொண்டுபோக வேண்டும், அத்தனையையும் மாற்றினால் அரைப் பாண், பாதி ரொட்டி, வாங்கலாம். பதினொன்று காசே அல்ல. பெரிய கடைகளில் சாமான் தள்ளும் வண்டியைக் கழற்றி எடுக்கப் போடும் வில்லைகள்.

ஒவ்வொன்றையும் நான் பெயர் சொல்லி, "செல்லாது" என்று சொல்லி, இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம் ஒன்றும் சேரவில்லை. ஐம்பதுக்கு மேல் போனதும் அவள் என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

கடைசியாக ஒரு பெரிய செப்புக் காசு. இரண்டு முகமும் தேய்ந்து கண்ணாடிபோல் இருந்தன. விளிம்பைத் திருப்பினேன். அங்கே எழுத்து இருந்தது, ஒன்றுகூடக் கெடாமல். அவள் முகங்களைத்தான் தேய்த்திருக்கிறாள், விளிம்பை விட்டிருக்கிறாள். எழுத்தை வைத்துப் புத்தகத்தில் தேடினேன். இருநூறு வருடத்துக்கு முந்தியது. சில்லறைத் தட்டுப்பாட்டில் ஆங்கில நாட்டு ஊர் ஒன்றின் வியாபாரிகள் தாங்களே அடித்துக்கொண்டது.

"இது எப்படிக் கிடைத்தது?"

"ஒரு வயசான வெள்ளைக்காரம்மா குடுத்துச்சு. அப்ப கன்னங்கரேல்னு இருந்திச்சு. ஒரு வீடு மாதிரி படம் போட்டிருந்திச்சு."

"இந்த ஒன்றை நீ அப்படியே கறுப்பாக விட்டிருந்தால் கொழும்பில் வாங்க ஆள் இருக்கிறது. உன் காம்பராவுக்குக் கூரைத் தகரம் முழுதும் வாங்கியிருக்கலாம்."

அவள் காசை வாங்கி விளிம்பை விரலால் தடவினாள்.

"எத்தனை வருடமாகத் தேய்த்தாய்?"

"எட்டு வருசம்."

"வாரம் ஒரு தடவை. நானூற்றுப் பதினாறு தடவை" என்றேன்.

அந்தக் கணக்கை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் மனதில் ஓடியது, சொன்னேன். அதோடு விடவுமில்லை. உள்ளே போய் லாச்சியிலிருந்து ஆறு பென்ஸை எடுத்துவந்து அவளுக்குக் காட்டினேன். காசை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று பாடம் சொன்னேன். புளி, எலுமிச்சை, வினாகிரி, சாம்பல், பற்பசை எதுவும் ஆகாது. கராஜில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊற வை, தண்ணீரை நாளுக்கு நாள் மாற்று. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஒலிவ் எண்ணெயில் மாதக்கணக்காகப் போட்டு வை. இளகிய மண்ணை நாரத்தை முள்ளால் மெதுவாகத் தள்ளு. பஞ்சுத் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. அவள் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். எந்தக் காசுக்காக இதெல்லாம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஆறு பென்ஸை மட்டும் அதிக நேரம் பார்த்தாள். "இத ஒருக்காலும் வெளக்கினதில்லீங்களா?"

"ஒரே ஒரு தேய்ப்பு. இதோ, கழுத்தில் தெரிகிறதே. அதற்கே எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை."

காசுகளை டின்னில் திரும்பப் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"ஐயா, எங்க தம்பி பொஞ்சாதி வந்து கேட்டா, தெரியலைன்னு சொல்லிருங்க. கொழும்புக்கு அனுப்பிப் பாக்கணும்னு சொல்லுங்க. செவுரு எழும்புற வரைக்கும் போதும்."

"தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது."

"பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

"கேட்காவிட்டால் நானாகப் போய்ச் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் அதையே பெரிய வாக்காக எடுத்துக்கொண்டு கும்பிட்டாள். போன பிறகு காசுகளின் விபரத்தை என் குறிப்புப் புத்தகத்தில் வரிசையாக எழுதினேன். விளிம்பு எழுத்தையும் படி எடுத்தேன்.

அடுத்த மாதம் கல் வைக்கும் நாளுக்குத் தம்பியே வந்து அழைத்தான். ஸ்டோர் ஐயா வந்தால் மதிப்பு. நான் போனேன். எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். லயத்து ஆட்கள் இருபது பேர் இருப்பார்கள். மண் சமப்படுத்திய இடத்தில் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தது. ஓரத்தில் எட்டுக்கு ஏழு. அவள் புதுச் சேலை கட்டி, கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றுக் கட்டத்துக்குள்ளேயே நின்றாள். யாரோ ஒருத்தி, "இப்பவே குடிபோயிட்டியா மயினி?" என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

மூலைக்குழியில் நவதானியம் போட்டார்கள், பால் தெளித்தார்கள். அடுத்து காசு போட வேண்டும். எந்த வீட்டுக்கும் மூலைக் கல்லுக்கு அடியில் காசு போடுவது முறை. தம்பி மனைவி பால்மா டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"ஐயா, நீங்க காசு தெரிஞ்சவங்க. வெல கூடுனது மண்ணுக்குள்ள போயிரக் கூடாது பாருங்க. இருக்கிறதுலயே கொறஞ்சதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

கயிற்றுக் கட்டத்துக்குள் நின்ற அவள் என்னைப் பார்த்தாள். நான் டின்னுக்குள் கைவிட்டு ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். பொய் சொன்னதாக ஆகியிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒரு வாக்கியம் வாய்க்கு வந்துவிட்டது. இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

"எத எடுத்துப் போட்டாலும் ஒண்ணுதாம்மா. கொறஞ்சதுன்னு தனியா ஒண்ணும் இதுல இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "செல்லாக்காசு ஐயா தீர்ப்புச் சொல்லிட்டாரு" என்றது ஒரு குரல்.

"ஐயா வெளையாடுறீங்க" என்றாள் தம்பி மனைவி.

நான் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். எத்தனை இத்தாலி, எத்தனை பிரான்ஸ், எத்தனை வண்டி வில்லை. 'அரைப் பாண்' என்ற இடத்தில் திரும்பவும் சிரித்தார்கள். வாசித்து முடித்ததும், எழுதிய நாள் என்ன என்று தம்பி கேட்டான். சொன்னேன். போன மாதம்.

அவன் திரும்பினான். "அக்கா, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு மாசமா சும்மா இருந்தியா?"

தம்பி மனைவிதான் பதில் சொன்னாள். "சும்மாவா இருந்தாங்க? கட்டில்ல படுத்தாங்க. எம்புள்ள தரையில படுத்துச்சு. கோழி அடிச்சா மொதத் துண்டு அவுங்களுக்கு. ஏங்க அண்ணி, வண்டி தள்ளுற வில்லைக்கா நான் கொழம்பு ஊத்துனேன்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் எட்டு வருடம் பறித்த கொழுந்தின் சம்பளமும் அதே வீட்டுக்குத்தான் போனது. அதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும், சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பவர்களில் நானும் ஒருவன். நானும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

தம்பி மனைவி குரலை உயர்த்தாமல் மேசன் பாஸிடம் சொன்னாள். "பாஸ், இந்தக் கயித்தக் கழட்டுங்க."

அவர் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆள். "எந்தக் கயிறு அக்கே?"

"இவுங்க நிக்கிறாங்களே, அது."

பாஸ் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு முளைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பிடுங்கிக் கயிற்றை முழங்கையில் சுற்றினார். அவள் நகரவில்லை. கடைசி முளை அவள் காலடியில் இருந்தது. "அக்கே, கொஞ்சம் கால எடுக்க" என்றார். எடுத்தாள். "அப்ப குசினி பெருசாகுது. அதுவும் நல்லம்தானே" என்றார் பொதுவாக.

பூசாரி நேரம் போகிறது என்றார். தம்பி மனைவி என் மடியிலிருந்து டின்னை எடுத்துக் குழிக்கு மேலே கவிழ்த்தாள். நூற்று முப்பத்தேழும் விழுந்தன. அந்தச் செப்புக் காசும் அதில் போனது. ஈர மண்ணில் அவை அழகாகத்தான் மினுங்கின. பாஸ் ஒரு தாச்சி கொங்கிறீட்டை அதன்மேல் கொட்டினார்.

"கற்பூரத்தக் கொளுத்துங்க அண்ணி. சும்மா நிக்காம" என்றாள் தம்பி மனைவி.

அவள் கொளுத்தினாள். எனக்குத்தான் முதலில் தட்டை நீட்டினாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குளிர்பானமும் கேக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வீடு எழும்பிவிட்டது. தம்பி குடும்பம் லயத்துக் காம்பராவைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது வீட்டுக்குப் போனது. புது வீட்டுக்கு இஸ்தோப்பு இல்லை. அவள் அந்தப் பெரிய குசினியில் அடுப்புப் பக்கம் சாக்கை விரித்துப் படுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். விறகு வைக்கும் இடம் போக மிச்சம் அவளுக்கு.

சில மாதம் கழித்து, சனிக்கிழமைகளில் வீட்டு வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருப்பதாக என் மனைவி சொன்னாள். நான் மறுக்கவில்லை. அவள் வந்து முற்றம் கூட்டுவாள், துணி துவைப்பாள், பாத்திரம் விளக்குவாள். என்னைக் கண்டால் "ஐயா" என்று ஒதுங்குவாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை நானும் மனைவியும் துணி எடுக்க ஹட்டனுக்குப் போனோம். சாமியறைச் சாமான்களையெல்லாம் விளக்கி வைக்கும்படி மனைவி அவளிடம் சொல்லியிருந்தாள். பின்னேரம் திரும்பினோம். முற்றத்துக் கட்டையில் குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு, மணி எல்லாம் வரிசையாக வெயிலில் காய்ந்தன. வரிசையின் கடைசியில் ஒரு சிறிய வட்டம் பளிச்சென்று எரிந்தது.

அருகே போய்ப் பார்க்கும் வரை அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அந்த நிறத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"இதை யார் எடுத்தது?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா எல்லாத்தையும் வெளக்கச் சொன்னாங்க. மேச லாச்சில இது கறுப்பா கெடந்துச்சுங்க ஐயா."

"எத்தனை தடவை தேய்த்தாய்?"

"நாலு தடவ. புளி, சாம்பலு. போகல. அப்பறம் செங்கத் தூளு." என் முகத்தை நேராகப் பார்த்தாள். அதற்குமுன் அவள் அப்படிப் பார்த்ததில்லை. "வெளிம்பையும் விடல ஐயா. சுத்தி வர வெளக்கிட்டேன்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. புதுசு மாதிரி."

காசை விளிம்பில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அப்படிப் பிடிக்க இனி அவசியமில்லை, பழக்கத்தில் பிடித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ராஜாவின் மயிர் வழுக்கையாகிவிட்டது. கழுத்தில் நான் போட்ட கோடு, அதுவும் போய்விட்டது. விளிம்பின் பல் விரலுக்கு மழுங்கலாகத் தட்டியது. திங்கட்கிழமை ஸ்டோரில் எடை போட்டேன். இரண்டு கிராம் எழுபத்து மூன்று. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதே எடை. பழைய உறையில் எழுதியிருந்ததை வெட்டிப் புது எடையை எழுதினேன். அதன் கீழே: புளி, சாம்பல், செங்கல் தூள், நாலு தடவை.

அடுத்த சனிக்கிழமை முதல் அவள் வர வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். காரணம் கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் கல் வைத்த நாளிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அவள் வந்தபோது மனைவி வாசலிலேயே வைத்துச் சொன்னாளாம். "சரிங்கம்மா" என்றாளாம். ஏனென்று கேட்கவில்லையாம். போகும்போது ஜன்னலோரத்துக் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாளாம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்த வளைவில் நிற்கிறாள். நான் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்கள், அவள் சிரிப்பாள். தாள் கொடுத்தால் மடித்து இடுப்பில் செருகுவாள். ஒரு நாள் முன்னால் நின்ற வேன் வழிவிடாமல் எங்கள் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. ஒருவர் அவள் உள்ளங்கையில் காசுகளைக் கொட்டிவிட்டு ஏறினார். வேன் வளைவு திரும்பும் வரை கையை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். திரும்பியதும், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, பள்ளத்துத் தேயிலைக்குள் வீசினாள். அதில் செல்லும் காசும் இருந்திருக்கும்.